கொக்கரைப்பட்டிக்கு ஈமெயில் வந்தது

கொக்கரைப்பட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வதுண்டு. அப்படிச் சொல்வது பாவம். அவர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள், அவ்வளவுதான். கடவுள் அவர்களுக்குள் சூதுவாது எதையும் வைக்கவில்லை. வைப்பதற்கு நிறைய இடம் இருந்தும் வைக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ரோட்டுக்காரர்கள் 'மெதுவாகச் செல்லவும்' என்று ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அந்த இடம் வந்தால் ஊரே அடிமேல் அடி வைத்துத்தான் நடக்கும். ஒருநாள் வாசகர் வட்டத் தலைவர் குத்தாலிங்கத்தை ஒரு நாய் துரத்தியது. வேட்டியைத் தூக்கிக்கொண்டு பறந்து வந்தவர், பலகையைக் கண்டதும் மெதுவாக நடந்தார். நாய் கடித்தது. ஊசி போட்ட நர்ஸிடம் கடிபட்டதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நாய் பலகையை மதிக்கவில்லையே என்றுதான் வருத்தப்பட்டார்.

அப்பேர்ப்பட்ட ஊருக்குக் கம்ப்யூட்டர் வந்தது.

டெலிபோன் மணி அடித்தால் தெருவே திரும்பிப் பார்த்த காலம் அது. ஊர்க் கிளை நூலகத்தில் பூலிங்கம் நூலகராக இருந்தார். சாதுவான மனிதர். காலையில் திருநீறு பூசிக்கொண்டு கதவைத் திறப்பார். பேப்பர்களை விரித்து வைப்பார். பிறகு யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். யாரும் வருவதில்லை. ஃபேன் காற்றுக்காகக் குத்தாலிங்கம் மட்டும் வருவார். வாசகர் வட்டத்துக்குத் தலைவரும் அவர்தான், வட்டமும் அவர்தான். நூலகத்துப் புத்தகங்களை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தது கரையான் ஒன்றுதான்.

கம்ப்யூட்டர் வந்த அன்றைக்கு நூலகத்தில் கால் வைக்க இடமில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியில் தொங்கினார்கள். வயலுக்குப் போகிற பெண்கள் மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். வந்தது வந்தோம் என்று இரண்டு பேர் புத்தகம்கூட எடுத்துக்கொண்டு போனார்கள். பூலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்தன்றுகூட அவரை இத்தனை பேர் வந்து பார்த்ததில்லை.

பெட்டியைக் கொண்டுவந்தவர் மாவட்ட நூலக அதிகாரி மீனலோசனி அம்மாள். கையெழுத்து வாங்கினார், ஈமெயில் அனுப்பச் சொல்லிக் கொடுத்தார், ஜீப்பில் ஏறும் முன் இரண்டு காரியத்தை அழுத்திச் சொன்னார். கடவுச்சொல்லை ஈ காக்காயிடம்கூடச் சொல்லக்கூடாது, யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. வருகிற ஈமெயிலை நூலக நடைமுறைப்படி ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும். பூலிங்கம் கைகட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஜீப் கிளம்பும்போதுதான் அந்த அம்மாள் மூன்றாவது ஒன்றைச் சொன்னார். "நான் உங்களுக்கு ஒரு ஈமெயில் போடுவேன். மாசக் கடைசிக்குள்ள அதுக்கு உங்க பதில் எனக்கு வந்து சேரணும். சேரலைன்னா இந்த ஊர்ல கம்ப்யூட்டர் இருந்து பிரயோஜனம் இல்லை. மேலக்குளத்துக்குக் கொடுத்துருவேன்."

வேறு எந்த ஊரைச் சொல்லியிருந்தாலும் பூலிங்கம் தாங்கியிருப்பார். மேலக்குளத்து நூலகர் தளவாய், பூலிங்கத்தின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரத்தைப் பற்றி இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிற ஆள். மறுநாளே அளவு நாடாவோடு வந்துவிட்டார். வணக்கம் கூடச் சொல்லவில்லை. கம்ப்யூட்டருக்கு நீளம் அகலம் பார்த்தார். "எங்க ஊர்ல இதுக்கு ஒரு மேசை செய்யச் சொல்லியாச்சு மாப்ள. எதுக்கும் ஒரு தடவை அளந்துகிடலாம்னு வந்தேன்" என்றார். மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பெட்டி போய்விட்டால் ஜனமும் போய்விடும். பழையபடி குத்தாலிங்கமும் ஃபேனும்தான். எப்பாடு பட்டாவது பதிலை அனுப்பிவிட வேண்டும் என்று பூலிங்கம் பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் நேர்ந்துகொண்டார்.

முதல் சிக்கல் மோடத்தில் வந்தது. டெலிபோன் கம்பியையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துவைக்கிற சின்னப் பெட்டி அது. சுவிட்சைப் போட்டதும் 'கீய்ய்ங்' என்று ஆரம்பித்து, 'கர்ர்ர்' என்று இழுத்து, தகரத்தில் ஆணியால் கீறினமாதிரி வீறிட்டுக் கத்தியது. பூலிங்கத்தின் தலைக்கு மேலேயே 'அமைதி காக்கவும்' என்று பலகை தொங்குகிறது. உதட்டில் விரலை வைத்து, உஷ் என்றார். அது கேட்கவில்லை. பலகையைக் கையால் காட்டினார். அதற்கும் கேட்கவில்லை. கம்பியைப் பிடுங்கிவிட்டார்.

இப்படியே தினமும் நடந்தது. அவர் போடுவார், அது கத்தும், அவர் பிடுங்குவார். ஈமெயில் வந்தபாடில்லை.

கடைசியில் குத்தாலிங்கம் கூட்டம் கூட்டினார். கூட்டத்துக்கு வந்தவர்கள் பூலிங்கம், பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் ஆவுடையப்பன், நூலகத்தைக் கூட்டிப் பெருக்கும் பேச்சித்தாய். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மோடத்தைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது புதுசா ஒரு ஊருக்கு வந்திருக்கு. இங்க இதுக்கு யாரையும் தெரியாது. அதான் கத்துது" என்றார்.

"கத்தலை சார், அழுது" என்றாள் பேச்சித்தாய். ஐந்து பெற்றவள். "நீங்க ஆம்பளையெல்லாம் சுத்தி நின்னு முறைச்சுப் பார்த்தா பிள்ளை அழாம என்ன செய்யும்?"

பேச்சித்தாய் வீட்டுக்குப் போய்ப் பழைய சேலை ஒன்றை எடுத்துவந்து, வரலாற்று அலமாரிக்கும் சமையல் அலமாரிக்கும் நடுவில் தொட்டில் கட்டினாள். மோடத்தை உள்ளே கிடத்தினாள். சுவிட்சைப் போட்டார்கள், அது வீறிட்டது. பேச்சித்தாய் தொட்டிலை ஆட்டிக்கொண்டே ஆராரோ பாடினாள். இரண்டடி பாடி முடிப்பதற்குள் கத்தல் நின்றது. கூடவே கம்ப்யூட்டரில் இணைப்பும் கிடைத்தது.

பூலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் அவருக்கு ஒரு சந்தேகம். நூலகத்துக்குள் பாட்டுப் பாடலாமா? வாத்தியார் நெடுநேரம் யோசித்து, தாலாட்டு என்பது சத்தத்தில் சேராது, சத்தத்துக்குக் கொடுக்கிற மருந்தில் சேரும் என்று தீர்ப்புச் சொன்னார்.

அதற்குப் பிறகு பேச்சித்தாய் இல்லாமல் இணைப்பு இல்லை என்றாகிவிட்டது. பிள்ளைகள் வந்து இன்டர்நெட் இருக்கிறதா என்று கேட்டால் பூலிங்கம், "பேச்சித்தாய் களை பறிக்கப் போயிருக்கா. சாயந்தரம் வரும்" என்று பதில் சொல்வார்.

இணைப்பு வந்தாயிற்று. ஈமெயிலைத் திறக்கப் போனால், கம்ப்யூட்டர் கடவுச்சொல்லைக் கேட்டது.

பூலிங்கம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "சொல்லமாட்டேன்" என்றார்.

அது கேட்டபடியே நின்றது. அவரும் விடவில்லை. மறுநாளும் கேட்டது, மறுநாளும் சொல்லவில்லை. தன்னைச் சோதிப்பதற்காகத்தான் அதிகாரி அம்மாள் பெட்டிக்குள் இப்படி ஒரு கேள்வியை வைத்து அனுப்பியிருக்கிறார் என்று அவருக்குத் தோன்றியது. ஈ காக்காய்க்கே சொல்லக்கூடாது என்றால் இதற்கு மட்டும் சொல்லலாமா? மாசம் பாதி கழிந்துவிட்டது. மனைவி, வாயில் வைத்திருக்கிற ஒரு வார்த்தைக்காக என் அண்ணன்கிட்ட பெட்டியைப் பறிகொடுக்கப் போறீயளா என்று கேட்டாள். அவளிடமும் அவர் சொல்லவில்லை.

மறுபடி கூட்டம் கூடியது.

"கம்ப்யூட்டர் 'யாரும்' என்கிற கணக்குல வருமா, வராதா?" என்று கேட்டார் குத்தாலிங்கம்.

"யார் கேட்டாலும்னு அம்மா சொல்லியிருக்காவ. இது கேக்குது. அப்ப இது 'யாரும்'தான்" என்றார் வாத்தியார்.

"கேக்கிறது கண்ணாடிப் பெட்டிதான சார்? நான் தட்டப்போறது இந்த எழுத்துப் பலகையிலல்லா?" என்றார் பூலிங்கம். அவருக்கே அது புதிதாகப் பட்டது. "கண்ணாடிப் பெட்டிக்குத் தெரியாம தட்டினா தப்பில்லையே?"

இப்படி ஒரு யோசனை அந்த ஊரில் வெகுகாலமாக யாருக்கும் வந்ததில்லை. கண்ணாடிப் பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்கள். அதன் தலைமேல் ஒரு துண்டையும் போர்த்தினார்கள். எல்லோரும் வெளியே போனார்கள். பூலிங்கம் விநாயகரை வேண்டிக்கொண்டு எழுத்துகளைத் தட்டினார். பிறகு கூப்பிட்டார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், கடவுச்சொல் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் நட்சத்திரமாக நின்றது.

"பாத்தீயளா, அதுக்குத் தெரியவே இல்லை. ஏதோ புள்ளி குத்தி ஒப்பேத்தியிருக்கு" என்று குத்தாலிங்கம் சந்தோஷப்பட்டார்.

கடவுச்சொல் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரியாது. பூலிங்கம் யாருக்குமே சொல்லவில்லை.

ஈமெயில் வந்திருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்ததால் வாத்தியார் எழுத்துக்கூட்டி வாசித்தார். 'அன்புள்ள நூலகருக்கு, அங்கே அனைவரும் நலமா? உடனே பதில் அனுப்பவும். மீனலோசனி.'

பூலிங்கத்துக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் நூலக நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே. நூலகத்துக்கு எது வந்து சேர்ந்தாலும் முதலில் முத்திரை குத்த வேண்டும். ரப்பர் ஸ்டாம்பை மைப்பெட்டியில் நன்றாக அழுத்தி, கண்ணாடியின் நட்டநடுவில் 'கிளை நூலகம், கொக்கரைப்பட்டி' என்று ஊதா நிறத்தில் குத்தினார். முதல் தடவை சரியாக விழவில்லை என்று பக்கத்திலேயே இன்னொன்று குத்தினார். வரிசை எண் எழுதிய சீட்டைப் பெட்டியின் விலாவில் கஞ்சிப் பசையால் ஒட்டினார்.

எண் ஒட்டின மறுநிமிஷம் குத்தாலிங்கம் உறுப்பினர் அட்டையை நீட்டினார்.

"இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

பூலிங்கம் திகைத்துப்போனார். பதில் போடணும் அண்ணாச்சி, மாசக் கடைசி நெருங்குது, என் மானம் உங்க கையில இருக்கு என்றெல்லாம் கெஞ்சிப் பார்த்தார். குத்தாலிங்கம் கோபப்படவில்லை. முத்திரை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. எண் இருக்கிறதா? இருக்கிறது. உறுப்பினர் கேட்டால் கொடுக்கமாட்டேன் என்று சொல்ல நடைமுறையில் இடம் உண்டா? பூலிங்கம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இல்லை. குத்தாலிங்கம் கண்ணாடிப் பெட்டியைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பூலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் குத்தாலிங்கம் வீட்டு வாசலில் போய் நின்று, எவ்வளவு தூரம் வாசித்திருக்கிறீர்கள் என்று கேட்பார். குத்தாலிங்கம் பெட்டியை எதிரே வைத்துக்கொண்டு, கறுத்துக் கிடக்கிற கண்ணாடியையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஆரம்பம் ரொம்ப இருட்டா இருக்கு. இன்னும் விடியலை" என்றார் முதல் நாள்.

அடுத்த முறை போனபோது கதை சூடு பிடித்திருந்தது. "உள்ள ஒரு ஆள் வாறான். கொஞ்சம் வயசானவன், ஆனா நல்ல லட்சணம். என்னையே பார்க்கான். ஏதோ மனசுல கவலை போலிருக்கு. வாயைத் திறந்து சொல்லத்தான் மாட்டேங்கான்."

அவன் எப்போது சொல்வான் என்று பூலிங்கம் தவித்தார். நல்லவேளையாகத் தவணை முடிவதற்குள்ளேயே குத்தாலிங்கம் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அவருக்கு முடிவு பிடிக்கவில்லை. இவர் எப்போது எழுந்தாலும் அந்த ஆளும் எழுந்து போய்விடுகிறானாம், சொல்லிக்கொள்ளாமல் போகிறவனை என்னத்தை வாசிக்க என்றார்.

இப்போது மாசக் கடைசிக்கு முந்தின நாள். தளவாய் வேறு ஆள் விட்டு, மேசைக்கு வார்னிஷ் அடித்தாயிற்று என்று சொல்லியனுப்பியிருந்தார். பூலிங்கம் 'அனைவரும் நலம்' என்று எழுதி அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தார். வாத்தியார் அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"யாரைக் கேட்டு எழுதுதீரு?"

"எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க, சார்."

"அது உமக்கு எப்படித் தெரியும்? அனைவரும்னு கேட்டிருக்காவ. அரசாங்கத்துக்கு எழுதுத கடிதம். ஒரு ஆளுக்குத் தலைவலி இருந்தாலும் பொய்யாப் போயிரும்."

அது நியாயமாகவே பட்டது. நான்கு பேரும் வெயிலில் வீடு வீடாகப் போய், நலமா என்று கேட்டார்கள். ஆடு மாடு கணக்கில் வருமா என்று பேச்சித்தாய் கேட்டாள். வரும் என்றும் வராது என்றும் பேச்சு நடந்து, கறவை மட்டும் வரும் என்று முடிவானது. ஊரில் எல்லோரும் நன்றாக இருந்தார்கள். கீழத்தெரு உலகம்மாள் ஒருத்திதான் முட்டுவலி என்றாள்.

பூலிங்கம் அவளிடம் இறங்கிப் பேசினார். நாளை ஒருநாள் மட்டும் நன்றாக இருந்துவிட்டு, அப்புறம் பழையபடி வலியை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டுப் பார்த்தார். உலகம்மாள் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "நல்லா இருக்கேன்னு சொன்னா மருமவ உலக்கையைக் கையில கொடுத்துருவாப்பா. எனக்கு முட்டுவலிதான். அப்படியே எழுதிக்கோ."

மறுநாள், மாசக் கடைசி. ஸ்டாம்பு மை படாத ஓரமாகப் பார்த்துப் பதிலைத் தட்டினார்கள். 'கீழத்தெரு உலகம்மாளைத் தவிர அனைவரும் நலம்.' வாத்தியார் நான்கு தடவை வாசித்துப் பார்த்துப் பிழையில்லை என்றார். பூலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு, அனுப்பும் பொத்தானை அமுக்கினார். கடிதம் மறைந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். போன கடிதம் எந்த வழியாகப் போனது என்று பார்க்க வாத்தியார் அங்கே இங்கே அமுக்கினார். 'சென்ட்' என்று ஒரு இடம் இருந்தது. அதைத் திறந்தால், உள்ளே அதே கடிதம் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"போகலை" என்றார் வாத்தியார்.

பூலிங்கம் கண்ணாடிக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். "சென்ட்னா என்ன சார்?"

"அனுப்பியாச்சுன்னு அர்த்தம்."

"அனுப்பியாச்சுன்னு போட்டிருக்கா, இங்கயே இருக்கா?"

"ரெண்டும்தான். அதான் மோசம். போனேன்னு சொல்லிக்கிட்டு உள்ள ஒளிஞ்சிருக்கு."

பேச்சித்தாய் தன் மூத்த மகனும் பள்ளிக்கூடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு வைக்கோல் போரில் ஒளிந்துகொள்வான் என்றாள். அவனை என்ன செய்வாய் என்று வாத்தியார் கேட்டார். மறுபடியும் விரட்டிவிடுவேன் என்றாள். சரி என்று பூலிங்கம் கடிதத்தை மறுபடி அனுப்பினார். திறந்து பார்த்தால் இப்போது உள்ளே இரண்டு இருந்தன. போகச் சொன்னது போகாததோடு துணைக்கு வேறு ஆள் கூட்டிக்கொண்டது. விடாமல் விரட்டினார்கள். மத்தியானம் வரை பூலிங்கமும் வாத்தியாரும் மாற்றி மாற்றிப் பொத்தானை அமுக்கினார்கள். உள்ளே கூட்டம் தேர்த் திருவிழா மாதிரி நெரிந்தது. கண்ணாடி முழுக்க மேலிருந்து கீழ்வரை உலகம்மாளின் முட்டுவலிதான்.

பூலிங்கம் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் மாவட்ட அலுவலகத்தை மூடிவிடுவார்கள். நாளைக்குக் காலையில் தளவாய் மாட்டுவண்டியோடு வந்து நிற்பார். பெட்டியைத் தூக்கும்போது ஏதாவது சொல்வார். அந்த ஏதாவதை இனி வருகிற எல்லாத் தீபாவளிக்கும் சொல்வார்.

குத்தாலிங்கம் வெற்றிலையை மென்று முடித்துவிட்டுத்தான் பேசினார். "கடிதாசிக்குப் போக இஷ்டமில்லை. அது பெட்டியை விட்டு இறங்கமாட்டேங்கு. அப்ப பெட்டியோட கொண்டுபோய்க் கொடுத்துர வேண்டியதுதான்."

பூலிங்கம் துண்டை விலக்கினார். இவ்வளவு நேரம் இது தோன்றாமல் போனதே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மினிபஸ்ஸில் ஏற்றினார்கள். கண்ணாடிப் பெட்டியைப் பூலிங்கம் மடியில் வைத்துக்கொண்டார், பெரிய பெட்டி வாத்தியாரிடம், எழுத்துப் பலகை குத்தாலிங்கத்திடம். மோடத்தைப் பேச்சித்தாய் முந்தானைக்குள் அணைத்துக்கொண்டாள். குழம்புச் சட்டியைக் கொண்டுபோகிற மாதிரி அலுங்காமல் கொண்டுபோனார்கள். குலுங்கினால் உள்ளே எழுத்துகள் இடம் மாறி, உலகம்மாள் நலம், அனைவருக்கும் முட்டுவலி என்று ஆகிவிடலாம் என்று வாத்தியார் எச்சரித்திருந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான்கு பேரும் சேர்ந்தாற்போல் இருக்கையை விட்டு எழுந்து நின்றார்கள்.

மாவட்ட அலுவலகத்தில் மீனலோசனி அம்மாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அவர் கம்ப்யூட்டரில் வேறு எந்த ஊர்க் கடிதத்தையும் பார்க்க முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு நான்கு பேர் வந்தார்கள். ஆளுக்கொரு சாமானாக மேசைமேல் வைத்தார்கள்.

"பதில் கொண்டாந்திருக்கோம், அம்மா" என்றார் பூலிங்கம். வியர்வையில் திருநீறு கரைந்து மூக்குவரை வழிந்திருந்தது. "மாசக் கடைசிக்குள்ள வந்துட்டோம்லா?"

"உங்க பதில் வந்துருச்சே. காலையிலேருந்து அதுதான் வந்துக்கிட்டே இருக்கு."

வாத்தியார் பணிவாக, அது வேறு யாராவதாக இருக்கும், எங்களுடையது இந்தப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது, கிளம்பும்போதுகூடப் பார்த்தோம் என்றார். அனுப்பினாலும் நகல் ஒன்று தங்கும் என்பதை அம்மாள் பொறுமையாக விளக்கினார். அவர்கள் பொறுமையாகத் தலையாட்டினார்கள். அம்மாள் குடிக்கத் தண்ணீர் சொல்வதற்காகப் பக்கத்து அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது பெட்டிகள் இருந்தன, ஆட்கள் இல்லை. கொடுத்த கடிதத்தைக் கையோடு திருப்பி எடுத்துக்கொண்டு போவது மரியாதை இல்லை என்று அவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் தளவாய் வண்டியோடு வந்து பெட்டி எங்கே என்று கேட்டார். பூலிங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அது மேலக்குளத்துக்கு வராது மச்சான். அப்படி நடந்துரக் கூடாதுன்னுதான் நேத்தே அதைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துட்டோம்" என்றார். ஆயுசில் முதல் தடவையாகத் தளவாய் ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பினார். பூலிங்கத்தின் மனைவிகூட அன்றைக்கு அவருக்கு இரண்டு தோசை அதிகமாகப் போட்டாள்.

மத்தியானம் ஜீப் வந்து நின்றது. டிரைவர் இறங்கிக் கம்ப்யூட்டரை எடுத்து வைத்தார், கம்பிகளை மாட்டினார், கண்ணாடியில் இருந்த ஊதா முத்திரையைத் துணியால் துடைத்தார். அம்மா உள்ளே ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறார்கள், திறந்து பார்க்கச் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

"நேத்துக் கொடுத்தோம், இன்னைக்குப் பதில் வந்துட்டு. தபால்ல போட்டா மூணு நாள் ஆகும்" என்றார் குத்தாலிங்கம். ஈமெயிலின் வேகத்தை அன்றைக்குத்தான் எல்லோரும் கண்கூடாகப் பார்த்தார்கள்.

வாத்தியார் எழுத்துக்கூட்டினார். 'அன்புள்ள பூலிங்கம் அவர்களுக்கு, உங்கள் பதில்கள் எல்லாம் கிடைத்தன. இந்தக் கம்ப்யூட்டர் இனி கொக்கரைப்பட்டிக்கே சொந்தம். மேலக்குளத்துக்குக் கொடுக்கமாட்டோம். தயவுசெய்து இனிமேல் இதை எங்கேயும் தூக்கிக்கொண்டு போகவேண்டாம். கம்ப்யூட்டர் வந்து சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி எழுதவும்.'

பூலிங்கம் அழுதுவிட்டார். பேச்சித்தாயும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெருவிலிருந்து ஜனம் திமுதிமுவென்று நூலகத்துக்குள் வந்தது. இரண்டு பேர் ஓடிப்போய், போன தடவை எடுத்த புத்தகங்களைத் திருப்பிக் கொண்டுவந்து வேறு இரண்டு எடுத்துக்கொண்டார்கள். பூலிங்கம் கையைக் கழுவிக்கொண்டு, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ஒரு வரி எழுதினார். வாத்தியார் வாசித்துப் பார்த்துப் பிழையில்லை என்றார்.

டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து ஜீப்பில் சாவியைப் போடும்போது, பூலிங்கமும் வாத்தியாரும் பெட்டிகளோடு வெளியே வந்தார்கள். பின்னாலேயே குத்தாலிங்கம் கயிறு கொண்டுவந்தார். டிரைவர் பதறி இறங்கி, பெட்டி உங்களுக்கே சொந்தம் என்று அம்மா எழுதவில்லையா என்று கேட்டார். எழுதியிருக்காவ, சந்தேகமே இல்லை, பெட்டி எங்களுக்குத்தான் என்றார் பூலிங்கம். கண்ணாடிப் பெட்டியைப் பின் சீட்டில் வைத்து, இருபுறமும் தலையணை கொடுத்து, கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"மேடு பள்ளம் பார்த்து ஓட்டுங்க, தம்பி" என்றார். "இனிமே இந்தப் பெட்டியை எங்கயும் அனுப்பமாட்டோம்னு உள்ள எழுதியிருக்கு. அழிஞ்சுரக் கூடாது."